பீரோவுக்குள் பூட்டிய சத்தம்

3 பிப்ரவரி 2004, செவ்வாய்

சூப்பிரண்டு மாசிலாமணி ஒரு கோழை. ஆபீஸ் நேரத்தில் சினிமா பார்த்த நாலு ஆம்பளைகளைக் கூப்பிட்டுக் கேட்கத் துப்பில்லாமல், ஒரு பெண்ணின் காதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி எங்கள் கீழப்பாலூர் நகராட்சியின் வரிப் பிரிவைக் கடந்து போனபோது, உள்ளே கம்ப்யூட்டரில் சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி உடையும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாம். இன்று காலை சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டர்களிலிருந்தும் சவுண்டு கார்டுகளைக் கழற்றி, கவரில் போட்டு அரக்கு வைத்து, சூப்பிரண்டிடம் ஒப்படைக்க வேண்டும். படம் பார்த்தவர்களின் பெயர் அதில் இல்லை. ஒருவர் சேர்மனின் மச்சினன், எப்படி இருக்கும்?

கழற்றியது நான்தான். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கக் கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் கம்பெனி என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது. சொன்னதைச் செய்வது என் வேலை. ஒரு ஸ்க்ரூ, ஒரு இழுப்பு. உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை வெளியே வரும். இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

புகார்ப் பிரிவில் கடைசிக் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது ஜெபசீலி அக்கா வந்து நின்றார்.

"யாரு, தவமணியா? ஸ்க்ரூ கழட்டுற சத்தம் கேக்குதே."

"சவுண்டு கார்ட எடுக்கச் சொல்லியிருக்காங்கக்கா."

"இதுலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவர் மேசையைத் தடவி ஹெட்போனை எடுத்து, வயரை நிதானமாகச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜெபசீலி அக்காவுக்குக் கண் தெரியாது. நகராட்சியின் டெலிபோன் ஆபரேட்டர். இந்த மாதக் கடைசியில் அவருடைய போர்டைக் கழற்றிவிட்டு, தானாகவே இணைப்புக் கொடுக்கும் மெஷின் வைக்கப் போகிறார்கள். அதன்பிறகு அவர் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, போனில் வரும் தண்ணீர்ப் புகார்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதாக ஏற்பாடு. அதற்காகச் சொந்த லீவைப் போட்டு மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். திரையில் இருப்பதை எல்லாம் வாசித்துக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. அதைக் காதில் கேட்டுக்கொண்டே டைப் செய்வார். ஒரு மாதமாகத் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடைசிக் கம்ப்யூட்டரில் பழகிக்கொண்டிருந்தார்.

சவுண்டு கார்டு இல்லாவிட்டால் அந்த சாஃப்ட்வேர் ஊமை. இது தெரிந்துதான் நான் கழற்றினேன். தெரியாமல் என்று எழுத முடியாது.

4 பிப்ரவரி, புதன்

சூப்பிரண்டிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் ஆன் பண்ணும்போதே பீப்புனு சத்தம் குடுக்குதே தவமணி. அந்தச் சத்தம் போதாதா?"

"சார், அது மெஷின் நல்லா இருக்குன்னு சொல்ற சத்தம். அதுக்குப் பேச வராது."

"சத்தம் சத்தந்தானம்மா."

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான். சவுண்டு என்றால் பாட்டு, பாட்டு என்றால் சினிமா, சினிமா என்றால் மெமோ. கம்ப்யூட்டர் பேசினால் வேலை நடக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவராக யோசிக்கவும் போவதில்லை. ஜூனில் ரிட்டயர்மென்ட். அதுவரைக்கும் எந்தத் தாளிலும் தன் கையெழுத்து புதிதாக விழக்கூடாது என்று வாழ்கிற மனுஷன்.

அக்காவைக் கூப்பிட்டுவிட்டு அன்பாகவே பேசினார்.

"சம்பளம் ஒரு பைசா குறையாது ஜெபசீலி. ஃபேனுக்கு அடியில ஒரு சேர் போட்டுத் தரச் சொல்றேன். உங்கள யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

"அப்படியே ஒரு மாலையும் வாங்கிப் போட்டுருங்க சார். ஃபோட்டோ மாதிரி உக்காந்துக்கிறேன்."

வெளியே வந்ததும் அக்காவின் கை என் தோளில் இருந்தது. வழக்கமாக லேசாகத்தான் பிடிப்பார். இன்று விரல் பதிந்துவிட்டது.

"சும்மா உக்கார வச்சுச் சோறு போடுறதுக்கு எங்க அண்ணன் வீடு இருக்கு தவமணி. அங்கருந்து தப்பிச்சுத்தான் வேலைக்கே வந்தேன்."

6 பிப்ரவரி, வெள்ளி

தெருக்குழாயில் இன்றும் தண்ணீர் வரவில்லை. அம்மா என்னைத் திட்டுகிறாள். அவளுக்கு நான்தான் நகராட்சி.

8 பிப்ரவரி, ஞாயிறு

துணி துவைக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு கம்மாய்ப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தபோது சாகுல் சைக்கிளில் வந்து நின்றான். வரிப் பிரிவு இளநிலை உதவியாளர். எங்கள் சுண்ணாம்புக் காளவாசல் தெருவுக்கு அவன் எப்படி வழி கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தான்.

"எங்க மச்சான் தன்னோட பிரவுசிங் சென்டர்ல பழைய மெஷின எல்லாம் தள்ளிட்டான். அதுலருந்து எடுத்தேன். ஆகுமான்னு பாரு."

துண்டில் சுற்றி வைத்திருந்தான். பழைய காலத்து சவுண்டு கார்டு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. தூசி அப்பியிருந்தது.

"இது கறுப்பு ஸ்லாட்டுல போறது. இப்ப வர்ற மெஷின்ல எல்லாம் வெள்ளைதான் இருக்கும். பல்லு வரிசையே வேற."

அவன் முகம் சுருங்கிவிட்டது. பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. புகார்ப் பிரிவின் கடைசிக் கம்ப்யூட்டர் ரெண்டும்கெட்டான். நாலு வெள்ளை ஸ்லாட்டுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில் ஒரே ஒரு கறுப்பு. இதுவரை அதில் யாரும் எதையும் செருகியதில்லை.

"ஆகும்" என்றேன். டீ குடிக்கிறாயா என்று கேட்டிருக்கலாம். தண்ணீர் இல்லை.

வீட்டில் கார்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிப்ளமோவில் இதை மார்க்குக்காகப் படித்தோம், யாரும் பார்க்கச் சொல்லித்தரவில்லை. ஒரு கம்ப்யூட்டரைச் செய்தவன் எல்லாவற்றையும் தானே செய்து மூடியிருக்கலாம். மூடவில்லை. நாளைக்கு யார் வருவார்கள், அவர்களுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஒருத்தனுக்குப் பாட்டு, ஒருத்தனுக்கு டிவி, ஒருத்தனுக்குத் தொழிற்சாலை மெஷினோடு பேச ஒரு வழி. தெரியாதவர்களுக்காகப் பலகையில் வெற்று இடம் விட்டு, கரன்ட் வரவும் சேதி போகவும் பாதை போட்டு வைத்திருக்கிறான். ஒரு அரசாங்க ஆபீசை இப்படிச் செய்ய ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

10 பிப்ரவரி, செவ்வாய்

கார்டை மாட்ட அனுமதி கேட்டுப் போனோம், அக்காவும் நானும்.

"சுற்றறிக்கை இருக்குல்ல? எப்படி மாட்டுறது?"

"அதுல கழட்டணும்னுதான் சார் போட்டிருக்கு. மாட்டக்கூடாதுன்னு ஒரு வரிகூட இல்ல. தவமணிய ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்" என்றார் அக்கா.

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். பத்தொன்பதாம் தேதி ஆணையர் அம்மா புகார்ப் பிரிவைப் பார்க்க வருகிறாராம். யார் யார் கம்ப்யூட்டரில் வேலை செய்யத் தகுதி என்று அன்றைக்கே முடிவு செய்வாராம்.

"அதுவரைக்கும், ஒரு சோதனைக்காக வேணா மாட்டிக்கோங்க. நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

"அப்ப யாரு சொன்னதா சார் இருக்கணும்?"

அவர் ஃபைலைத் திறந்துவிட்டார்.

11 பிப்ரவரி, புதன்

கார்டின் பித்தளை நிறப் பல்லை ரப்பர் போட்டுத் தேய்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கிற அதே ரப்பர்தான், இதைவிட நல்ல மருந்து கிடையாது. செருகினேன். கம்ப்யூட்டர் ஓடியது, சத்தம் வரவில்லை. அதைச் சரிசெய்யப் போனால் நெட்வொர்க் செத்துவிட்டது. புகார்ப் பிரிவே நின்றது. பிரிவு கிளார்க் சொக்கநாதன் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஓடுற வண்டிய எதுக்கும்மா நிப்பாட்டுற, கான்ட்ராக்ட் ஆளுக்கு வேற வேல இல்லையா" என்றார். அவர் ரிசீவரை எடுத்துத் தனியே வைத்துவிட்டுத் தினத்தாள் படிப்பவர். ஓடுகிற வண்டியாம்.

கம்பெனியிலிருந்து போன். மார்ச்சில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறார்கள், நகராட்சியிடமிருந்து புகார் எதுவும் வரக்கூடாது என்றார்கள். சரி என்றேன்.

12 பிப்ரவரி, வியாழன்

பேசிவிட்டது.

சவுண்டு கார்டும் நெட்வொர்க் கார்டும் ஒரே வழியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான். புதுக் கார்டுகள் தாங்களே பேசி வழி பிரித்துக்கொள்ளும். இந்தக் கிழடுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். கார்டின் முதுகில் மொட்டு மொட்டாக ஊசிகள், அவற்றில் நெல் அளவுக்கு ஒரு கறுப்பு மூடி. அதைப் பிடுங்கிப் பக்கத்து ஊசியில் மாற்றிக் குத்தினேன். நகம் பிய்ந்தது. அவ்வளவுதான் வேலை. நெட்வொர்க்கும் வந்தது, சத்தமும் வந்தது.

அக்கா ஹெட்போனை மாட்டியதும் முதுகு நிமிர்ந்தது. விரல்கள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் யாருமே இல்லாதது மாதிரி இருந்தார். பிறகு சிரித்தார்.

"இது பழைய குரல் மாதிரி இல்ல தவமணி. கொஞ்சம் சளி புடிச்சிருக்கு."

"பழைய கார்டுக்கா."

"இருக்கட்டும். சளி புடிச்சவனும் பேசத்தான செய்றான்."

அந்த சாஃப்ட்வேருக்குத் தமிழ் தெரியாது. புகாரை ஆங்கில எழுத்தில் தமிழாக அடிக்க வேண்டும், அது அமெரிக்காக்காரன் மாதிரி அதை வாசிக்கும். அக்கா அதே மாதிரி பேசிக் காட்டினார். மூக்கைச் சுருக்கி, "ஸுன்னாம்ப் கலவாஸல் தேரு, டன்னி வாரவில்லே." சொக்கநாதனே சிரித்துவிட்டார்.

நானும் ஒருமுறை ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். வெறும் இரைச்சல். அவ்வளவு வேகம். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"மெதுவா வைக்கலாமேக்கா."

"எதுக்கு? நீ படிக்கும்போது ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சா படிக்கிற?"

16 பிப்ரவரி, திங்கள்

சோதனை முடியும்வரை அக்காவின் போர்டை வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார். இன்று அக்கா வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுதி வைக்க வேண்டும்.

இடது காதில் டெலிபோன், தோளால் அமுக்கிப் பிடித்திருக்கிறார். வலது காதில் ஹெட்போன். இடது காதில் ஒரு அம்மா கோபத்தில் கத்துகிறாள். வலது காதில் மெஷின் கட்டம் கட்டமாக வாசிக்கிறது. வாய் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்கிறது. பத்து விரலும் டைப் செய்கின்றன. நான் வீட்டில் ரேடியோ பாடினாலே அம்மா பேசுவது காதில் விழாது. இவர் ரெண்டையும் கேட்டு, மூன்றாவதைப் பேசி, நாலாவதை எழுதுகிறார்.

"எந்தத் தெரும்மா? ... கதவு எண்? ... அழுகாதீங்க, மெதுவாச் சொல்லுங்க. குழாய்ல காத்து வருதா, ஒன்னுமே வரலையா? ... காத்து வந்தா வால்வு தெறந்திருக்கு, பைப்புதான் ஒடஞ்சிருக்கும். எழுதிட்டேன்."

அதில் எந்தப் பணிவும் கிடையாது. தான் கெட்டிக்காரி என்று அவருக்குத் தெரியும். "எப்படி?" என்று புருவத்தைத் தூக்கினார். "பிரமாதம்" என்றேன். "தெரியும்" என்றார்.

இன்னொன்றும் பார்த்தேன். சொக்கநாதன் எங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர் கூப்பிட்டாலும் 'கீழ்ப்பகுதி, பொது' என்று ஒரே புகாராக ஏற்றுவார். மேற்கே பேங்க் காலனியில் ஆளுக்கு ஒரு புகார், ஆளுக்கு ஒரு எண். அதிகம் புகார் எங்கேயோ அங்கே லாரி போகும். எங்கள் தெருவுக்கு லாரி வந்து நான் பார்த்ததே இல்லை. காரணம் இத்தனை நாளும் என் மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறது.

அக்கா கூப்பிட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏற்றுகிறார்.

"ஒரே தெருதானே, ஒன்னாப் போட்டா என்ன?" என்றார் சொக்கநாதன்.

"ஒவ்வொருத்தரும் தனித்தனியாத்தான் எங்கிட்டப் பேசுனாங்க. ஒன்னா எப்படிப் போடுறது?"

போகும்போது என்னிடம், "அந்த சாகுல் இன்னிக்கு மூணு தரம் தண்ணி குடிக்க இந்தப் பக்கம் வந்தான். வரிப் பிரிவுல பானை இல்லையா?" என்றார்.

இருக்கிறது. ஏன் வருகிறான் என்று எனக்குத் தெரியாது.

18 பிப்ரவரி, புதன்

எங்கள் தெருவுக்கு லாரி வந்தது. அம்மா எல்லாக் குடத்தையும் நிரப்பிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். யாரைக் கும்பிட வேண்டும் என்று சொன்னேன். "அந்தப் புள்ளையையும் சேத்துத்தான் கும்பிட்டேன்" என்றாள்.

19 பிப்ரவரி, வியாழன்

ஆணையர் அம்மா பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. வரவில்லை.

அக்கா வைத்திருக்கும் சாஃப்ட்வேர் ஓசிப் பதிப்பு. முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும், பிறகு நின்றுவிடும், கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். முழுப் பதிப்பின் விலைக்கு என் அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்குவாள். அதனால் அக்கா நின்றபோதெல்லாம் அணைத்துப் போட்டுக்கொண்டே காத்திருந்தார். புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வேர்த்து நான் பார்த்தது இன்றுதான்.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஆணையர் அம்மா வந்தார், பின்னால் சூப்பிரண்டு, இன்ஜினியர். அவர்கள் உள்ளே நுழையும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி அணைத்துப் போட்டு ரொம்ப நேரமாகிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும்.

போன் அடித்தது. உண்மையான புகார். அக்கா எடுத்தார். பேங்க் காலனிக்காரர், சாக்கடைத் தண்ணீர் கலந்து வருகிறதாம். அக்கா கேட்டார், அடித்தார், எண் கொடுத்தார். வைத்ததும் அடுத்த போன். பாதியில் மெஷின் நின்றுவிட்டது. அக்காவின் கழுத்து அசைந்ததில் எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை. அவர் விரல் நிற்கவே இல்லை. காது போன பிறகும், எந்தக் கட்டத்துக்கு அடுத்து எந்தக் கட்டம் என்ற நினைவிலேயே மீதியை அடித்து முடித்தார். நான் திரையைப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழையில்லை.

ஆணையர் அம்மா குனிந்து திரையை வாசித்தார். "இது நீங்களே டைப் பண்ணதா?"

"ஆமா மேடம். வேணும்னா உங்க வீட்டுத் தண்ணிப் பிரச்சினைய ஒன்னு சொல்லுங்க, அதையும் ஏத்துறேன்."

இன்ஜினியர் இருமினார். ஆணையர் அம்மா சிரித்தார். "வெரி குட். ரொம்ப நல்லாப் பண்றீங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா கையை விட்ட பிறகும் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார்.

சாகுல் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவந்தான். எனக்கு மட்டும் தனிப் பொட்டலம், ஏனோ.

ஆணையர் அம்மா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

20 பிப்ரவரி, வெள்ளி

இதைப் புகார்ப் பிரிவின் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பெட்டியில் முதுகைச் சாய்த்திருக்கிறேன்.

மத்தியானம் சூப்பிரண்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, "தவமணி, சோதனை முடிஞ்சுதுல்ல, அந்தக் கார்ட எடுத்துரும்மா" என்றார்.

"மேடம் நல்லாருக்குன்னு சொன்னாங்களே சார்."

"வாயால சொன்னாங்க. ஃபைல்ல என்ன இருக்கு? அரசாங்கப் பெட்டிக்குள்ள தனியார் சாமான் கெடந்தா ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்."

"அப்ப பீரோவுல இருக்குற நம்ம கார்டையே ஒன்னு குடுங்க."

"அத மாட்டக்கூடாதுன்னுதான சுற்றறிக்கை."

சொந்தக் கார்டு என்றால் அது ஆபீசுடையது இல்லை. ஆபீஸ் கார்டு என்றால் அது தடை. ரெண்டு வாசலையும் பூட்டிவிட்டு நடுவில் நின்றுகொண்டு அவர் பாவமாக என்னைப் பார்க்கிறார். வாயால் சொன்னது ஃபைலில் இல்லை என்று சொல்கிறவர், கழற்றச் சொல்வதையும் வாயால்தான் சொல்கிறார்.

"நான் கழட்டல சார்" என்றேன்.

"உங்க கம்பெனிக்குப் போன் போட வேண்டியிருக்கும்மா."

"போடுங்க" என்று, பெட்டியை மறைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா அப்போது ஒரு புகாரை ஏற்றிக்கொண்டிருந்தார். முடித்தார், எண்ணைச் சொன்னார், போனை வைத்தார். இவ்வளவையும் கேட்டிருக்கிறார். ஹெட்போனைக் கழற்றவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, கீபோர்டை மேசை ஓரத்துக்கு, சூப்பிரண்டு நிற்கும் பக்கம் நகர்த்தினார்.

"சார், ஜெபசீலி வேலை செய்ய வேண்டாம், உக்காந்திருந்தாப் போதும்னு இதுல டைப் பண்ணுங்க. கீழ உங்க பேரையும் போடுங்க. கார்டு உள்ள இருக்கும்போதே பண்ணுங்க, நானே கேட்டுக்கிறேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிர்றேன்."

சொக்கநாதன் பேப்பரை இறக்கினார். வரிப் பிரிவிலிருந்து ரெண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள், சாகுல் முன்னால் நிற்கிறான். சூப்பிரண்டு கீபோர்டைப் பார்க்கிறார். கை மேசை வரைக்கும் வந்தது, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

போன் அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

அக்கா தலையைச் சாய்த்து, ஹெட்போனை விரலால் காதோடு அமுக்கிக்கொண்டு காத்திருக்கிறார்.

"டைப் பண்ணுங்க சார்" என்று இன்னொரு தரம் சொன்னார்.